இலக்கிற்கு அப்பால்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் கீரனூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால், யானைகள் படுத்திருப்பன போன்ற பாறைக் குன்றுகள் கண்ணுக்குத் தென்படும். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை எனத் தனித்தனிப் பெயர் தாங்கிய அக்குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த ஊரே நார்த்தாமலை. விஜயாலய சோழீச்சரம் என்னும் பழைய கற்றளியைக் காண வருவோரும், பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவிற்குத் திரள்வோரும் இவ்வூரை நன்கு அறிவர். ஆனால் 2021-ஆம் ஆண்டின் இறுதியில், தமிழகம் முழுவதும் இவ்வூரின் பெயரை வேறொரு காரணத்தால் கேட்க நேர்ந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள், அருகில் பசுமலைப்பட்டியிலிருந்த துப்பாக்கி சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தாவின் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர்கள் அரும்பாடுபட்டும், 2022 ஜனவரி 3-ஆம் நாள் அப்பிள்ளை உயிர் நீத்தான். அத்தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது; அரசு இழப்பீடு வழங்கியது. போன பிள்ளை போனவனே.

இந்நிகழ்ச்சிக்குப் பின், இப்பகுதியில் துப்பாக்கி என்னும் சொல்லை விளையாட்டாகச் சொல்வார் எவருமிலர். அத்தகைய மண்ணில் ஓர் இளம்பெண், “நான் துப்பாக்கி சுடப் பழக வேண்டும்” என்று கேட்டால், பெற்ற தாய் என்ன சொல்வாள்? இந்த வினா நம் குடும்பத்திலேயே எழுந்தது. அதற்கு விடை தேடியபோது நாம் எண்ணியவற்றையும், கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பற்றி நாம் அறிந்தவற்றையும், இத்தகைய ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பெற்ற வாசக அன்பர்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகிறோம்.

ஒரு வீடு, இரு கேள்விகள்

நம் தங்கை நார்த்தாமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், வயது 16. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்னும் அரியானா மாநிலப் பெண் கைத்துப்பாக்கி சுடும் போட்டியில் இரு வெண்கலப் பதக்கங்கள் வென்றதைத் தொலைக்காட்சியில் கண்ட நாள்முதல் அவளுக்கு இதே நினைவு. உடற்கல்வி ஆசிரியையின் துணையோடு ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, சில மாதங்கள் பழகியும் விட்டாள். இனித் தனக்கென ஒரு துப்பாக்கி வேண்டும் என்பது அவள் விண்ணப்பம்.

நாம் திருச்சியில் உள்ள துப்பாக்கித் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையிலும், பின்னர் ஓய்வு நேரங்களிலும் குறிசுடுதல் பழகியவர். ஆகவே வழக்கு நம்மிடம் வந்தது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டிற்கு வந்த மைத்துனர், “மச்சான், எந்தத் துப்பாக்கி வாங்கலாம், என்ன விலையாகும், சொல்லுங்கள். நகையை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்” என்றார். அருகில் நின்ற தங்கையோ, “அண்ணே, அந்தப் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவள் நான்” என்றாள்.

ஒருவர் எதை வாங்குவது என்று கேட்கிறார்; மற்றவர் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கிறார். இரண்டிற்கும் விடை சொல்லாமல் ஒன்றிற்கு மட்டும் சொல்வது முறையன்று என்று நமக்குத் தோன்றிற்று.

எது விளையாட்டுத் துப்பாக்கி?

போட்டிக் கைத்துப்பாக்கி என்று பொதுவாகச் சொன்னாலும், உலகப் போட்டி விதிகளின்படி அதில் பல பிரிவுகள் உண்டு. முதலாவது, பத்து மீட்டர் தொலைவில் சுடும் காற்றழுத்தக் கைத்துப்பாக்கி. இளைஞர் இதனை ஏர் பிஸ்டல் என்பர். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் குறுக்களவும் அரை கிராம் அளவு எடையும் உள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. இரண்டாவது, 25 மீட்டர் தொலைவில் சுடும் ·22 அளவுக் கைத்துப்பாக்கி. இது வெடிமருந்தால் இயங்குவது. மூன்றாவது, 50 மீட்டர் தொலைவில் ஒற்றைக் குண்டாக இட்டுச் சுடும் கைத்துப்பாக்கி. 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக் நிரலிலிருந்து இது நீங்கிவிட்டது.

தொடங்குவோர்க்கு ஏற்றது முதல் வகையே. பெரிய ஓசை இல்லை, கையை உதறும் பின்னுதைப்பு இல்லை, செலவு குறைவு, வீட்டிற்குள்ளே குண்டு இடாமல் குறிபார்த்துப் பழகவும் இயலும். உலகப் புகழ் பெற்ற கைத்துப்பாக்கி வீரர்களுள் பெரும்பாலோர் இவ்வழியே வந்தவர்கள்.

இப்போட்டி எத்துணை நுண்ணியது என்பதற்கு ஒரு கணக்கு சொல்வோம். இலக்கு அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவே. பத்து மீட்டர் தொலைவில் நின்று, ஒரே கையால் ஏந்தி, 75 நிமிடங்களில் 60 முறை அதனைக் குறி வைக்க வேண்டும். பாரிஸ் நகரில் மனு பாக்கர் வெள்ளிப் பதக்கச் சுற்றை இழந்தது 0.1 புள்ளியில். அட்டையின்மீது அளந்தால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இத்துணை நுட்பம் வேண்டியிருப்பதால், உடல் வலிமையைக் காட்டிலும் தன்னடக்கமே இவ்விளையாட்டில் முதன்மை பெறுகிறது. மூச்சை அளந்து விடவேண்டும். நாடித் துடிப்பு கைக்கு எட்டாதவாறு மனம் அமைதியுற வேண்டும். முன் சுட்டது பிழையாயினும் அதனை மறந்துவிட்டு அடுத்ததற்கு ஆயத்தமாக வேண்டும். சினம் கொண்டவன் இதில் வெல்ல இயலாது. தேர்வுக்கு அஞ்சிப் படபடக்கும் பிள்ளைகள் சிலர் இப்பயிற்சியால் நிதானம் பெற்றதை நாம் கண்கூடாகக் கண்டதுண்டு.

கருவியின் உள்ளே

இனி மைத்துனர் கேட்ட கேள்விக்கு வருவோம். காற்றுத் துப்பாக்கியில் காற்றை அழுத்தும் முறை மூவகைப்படும். சுருள்வில்லைச் சுருக்கி விடுவது ஒன்று, இது மலிவானது. ஆனால் விசையை அழுத்தியதும் உள்ளே வில்லும் தண்டும் பாய்ந்து, குண்டு குழலை விட்டு நீங்குமுன்பே கருவியைக் குலுக்கிவிடும். திருவிழாக் கடைகளில் பலூன் சுடும் துப்பாக்கியை ஏந்தியோர் இக்குலுக்கலை அறிவர். வீட்டுச் சுவரில் அட்டை மாட்டி விளையாடலாமேயன்றிப் போட்டிக்கு இஃது உதவாது.

இரண்டாவது, பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள நெம்புகோலை ஒவ்வொரு முறையும் மடக்கிக் காற்றை அழுத்துவது. இதில் குலுக்கல் இல்லை, பழுதும் குறைவு, உருளை தேவையில்லை. எனினும் 60 முறை நெம்புகோலை மடக்கினால் இளம்பிள்ளைகளின் கை சோர்ந்துவிடும். மூன்றாவது, குழலின் அடியிலுள்ள சிறு உருளையில் முன்னதாகவே காற்றை நிரப்பி வைப்பது. இக்காலப் போட்டியாளர் அனைவரும் பயன்படுத்துவது இதனையே. அவ்வுருளையில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படும். கார் டயரிலுள்ள காற்றைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. ஆகவே உருளைக்கு ஆயுட்காலம் உண்டு, பொதுவாகப் பத்தாண்டு. அது செய்யப்பட்ட நாள் உருளையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய துப்பாக்கியை யாரேனும் மலிவாகத் தருகிறார் என்றால், கருவியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் இந்நாளைப் பார்த்தல் வேண்டும்.

செருமனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பர்டினி ஆகிய பெயர்களைப் பயிற்சிக் கூடங்களில் கேட்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்று வழக்காடுவது வீண். அனைத்துமே, பிடிகருவியில் பூட்டி வைத்துச் சுட்டால், குண்டின்மேல் குண்டாக ஒரே துளையில் இறக்கவல்லவை. விலையோ ஒவ்வொன்றும் இலட்ச ரூபாயைத் தாண்டும். இலக்கு தவறுமாயின், குற்றம் பெரும்பாலும் கருவியினுடையதன்று. கருவிக்கும் கைக்கும் உள்ள உறவினுடையது.

நற்கருவியும் ஒருநாள் கைவிடலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கரின் துப்பாக்கி போட்டியின் நடுவே பழுதுற்றது. அதனைச் சரிசெய்வதில் பல நிமிடங்கள் கழிந்தன. மிகச் சொற்பப் புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவிற்று. மூன்றாண்டுகள் கழித்து அவர் மீண்டும் வந்து வென்றது கருவியின் பெருமையால் மட்டுமன்று.

கையும் கைப்பிடியும்

நம் மருமகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அவள் இடக்கைப் பழக்கமுடையவள். சோறு உண்பதையும் சிலுவை அடையாளம் வரைவதையும் வலக்கையால் செய்யும்படி அவளுடைய பாட்டி பழக்கிவிட்டார். ஆயினும் எழுதுவதும் பந்து எறிவதும் இடக்கையால்தான். பயிற்சிக் கூடத்துத் துப்பாக்கிகளின் மரக் கைப்பிடிகள் யாவும் வலக்கைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டவை. அதனை இடக்கையில் ஏந்தினால், உள்ளங்கை தாங்க வேண்டிய மேடு விரல்களை உறுத்தும். வலக்கையால் சுட்டாலோ, குறி ஒரு பக்கமாகவே விலகிற்று. “மாமா, என்னால் முடியாது என்று நினைக்கிறார்கள்; துப்பாக்கி மாறினால் முடியும்” என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. முதலில் அவளுடைய கண்ணைச் சோதித்தோம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தை இரு கண்களாலும் பார்க்கச் சொன்னோம். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னோம். வலக்கண்ணை மூடியபோது கடிகாரம் துளைக்குள்ளேயே நின்றது. இடக்கண்ணை மூடியபோது மறைந்துவிட்டது. அஃதாவது, அவளுக்கு ஆளும் கண் இடக்கண். கையும் கண்ணும் ஒரே பக்கம் அமைந்தவளை மறுபக்கம் சுடச் செய்வது பொருந்தாது.

இடக்கையால் இது ஆகுமா என்று மைத்துனர் ஐயுற்றார். அவருக்குக் கரோலி தக்காச் என்னும் அங்கேரிப் படைவீரரின் கதையைச் சொன்னோம். கைத்துப்பாக்கி வீரரான அவர் 1938-இல் ஒரு கைக்குண்டு வெடித்ததில் தம் வலக்கையை இழந்தார். எவரிடமும் சொல்லாமல் இடக்கையால் பழகி, 1948-இல் இலண்டனிலும், 1952-இல் எல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இழந்த பின் ஒருவர் அரும்பாடுபட்டுப் பழகியதை, இவளுக்கு ஆண்டவர் பிறப்பிலேயே அளித்திருக்கிறார்.

கைப்பிடி பொருந்துகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. குண்டு இல்லாத துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, இலக்கை நோக்கிக் கையை உயர்த்த வேண்டும். பின்னர்க் கண்களைத் திறந்து பார்த்தால், முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நடுவே, இருபுறமும் சம அளவு வெளிச்சம் தெரிய நிற்க வேண்டும். நில்லாமல் இடமோ வலமோ சாய்ந்திருப்பின், கைப்பிடி அக்கைக்கு உரியதன்று. குறி விலகலின் விளைவு சிறிதன்று. இரு குறிகளுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு மீட்டர் தொலைவு இருக்குமாயின், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகுவது பத்து மீட்டர் தொலைவில் முப்பது மில்லிமீட்டராகப் பெருகும். இருதய ஓரத்தில் தோன்றும் சிறு கோணல் வாழ்வின் முடிவில் எத்துணைப் பெரிதாகும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டதுண்டு. அது கணக்காலும் மெய்யே.

விரல் விசையைத் தொடும் இடமும் நோக்கத்தக்கது. சுட்டுவிரலின் முதற் கணுவிற்கு முன்னுள்ள சதைப்பகுதியின் நடுவே விசை படவேண்டும். விரலின் மற்றப் பகுதி மரத்தைத் தொடலாகாது. விசையை அழுத்தத் தேவையான பளு, காற்றுத் துப்பாக்கியில் 500 கிராமிற்குக் குறையலாகாது என்பது போட்டி விதி. துப்பாக்கியின் மொத்த எடை 1500 கிராமிற்கு மேற்படலாகாது. ஆனால் விதி இடங்கொடுக்கும் எடையைப் பதினாறு வயதுக் கை சுமக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கிலோவை ஒட்டிய எடையே தொடக்கத்திற்குப் போதும். நீட்டிய கையில் பத்து நொடி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தே எடையை முடிவு செய்தல் நன்று.

இவற்றையெல்லாம் பார்த்த பின் மைத்துனரிடம் நாம் சொன்ன முடிவு இதுவே: இப்போது துப்பாக்கி வாங்க வேண்டாம், கைப்பிடியை மட்டும் வாங்குங்கள். இவ்வகைத் துப்பாக்கிகளில் மரக் கைப்பிடியைத் திருகாணி கழற்றித் தனியே எடுத்துவிடலாம். அதே கருவிக்கு இடக்கைப் பிடி, சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் தனியே கிடைக்கிறது. விலை துப்பாக்கியின் விலையில் சிறு பங்கே. பயிற்சிக் கூடத்தாரிடம் கேட்டோம், அவர்களும் இசைந்தனர். அவள் பழகும் நேரத்தில் அப்பிடியைப் பூட்டிக்கொண்டு, முடிந்ததும் பழையதை மாட்டிவிடுவாள். மரம் இடிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தும், வெற்றிடத்தை மரப்பசையால் நிரப்பியும் சில வாரங்களில் அவள் கைக்கே உரியதாக்கிக்கொண்டாள். நகை அடகுக் கடைக்குப் போகவில்லை.

சுவருக்கு அப்பால்

தங்கையின் கேள்வியோ இவ்வளவில் தீரவில்லை. அவளை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பயிற்சிக் கூடத்திற்குச் சென்றோம். உள்ளே நுழைந்ததும் அவள் பிள்ளைகளையும் பார்க்கவில்லை, துப்பாக்கிகளையும் பார்க்கவில்லை. இலக்கு அட்டைகள் இருந்த கோடிச் சுவரைக் காட்டி, “சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, அண்ணே?” என்று கேட்டாள்.

குறிசுடும் கலையில் தலையாய பாதுகாப்பு விதி இதுதான். இலக்கை அறிவது போதாது. இலக்கிற்குப் பின்னும் அப்பாலும் என்ன இருக்கிறது என்று அறிந்த பின்னரே விசையில் விரல் வைக்க வேண்டும். விதி நூலைக் காணாத ஒரு கிராமத்துத் தாய், தன் ஊர் கொடுத்த பாடத்தால் அதனைக் கேட்டாள். அக்கேள்விக்குத் தெளிவான விடை தராத எந்தப் பயிற்சி இடத்திற்கும் பிள்ளைகளை அனுப்பலாகாது என்பதே நம் துணிபு.

அக்கூடத்துப் பொறுப்பாளர் முகம் சுளிக்காமல் விடை தந்தார். ஒவ்வோர் அட்டையின் பின்னும் குண்டைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பெட்டி இருந்தது. அதன் பின் செங்கற் சுவர். சுவரைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபுறத்தையும் காட்டினார். காற்றுத் துப்பாக்கியின் ஈயக் குண்டு அப்பெட்டியைத் தாண்டாது. ஆயினும் அருகிலிருந்து கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும். மெல்லிய இடத்தில் பட்டால் உயிருக்கே ஊறு செய்யும். ·22 அளவுக் குண்டோ, உருவத்தில் சிறிதாயினும், தடையின்றிச் சென்றால் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாயவல்லது. படைத்துறை நெடுந்துப்பாக்கியின் ஆற்றலைச் சொல்ல வேண்டியதில்லை. கருவியின் ஆற்றல் மிகுமளவிற்கு, அதனைத் தடுக்கும் மண்மேடும் சுவரும் உயர வேண்டும். சுவர் உயர இயலாத இடத்தில் கருவி ஓய வேண்டும்.

பின்னர்ப் பயிற்சி தொடங்கிற்று. கட்டளை பிறக்குமுன் ஒருவரும் குண்டு இடவில்லை. நிறுத்து என்ற சொல் கேட்டதும் அனைவரும் துப்பாக்கியைக் கீழே வைத்தனர். ஓய்ந்திருந்த ஒவ்வொரு துப்பாக்கியின் குழலினுள்ளும் நிறமிட்ட நாடா செருகப்பட்டிருந்தது; உள்ளே குண்டில்லை என்பதற்கு அதுவே சான்று. முடிந்ததும் பிள்ளைகள் ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினர். தங்கை ஒரு மணி நேரம் வாய் திறவாமல் அமர்ந்திருந்தாள். வெளியே வந்ததும், “வீட்டிற்குக் கொண்டுவரக் கூடாது. இங்கேயே சுடட்டும்” என்றாள். நாம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவள் சொன்னது அச்சத்தின் சொல்லாக மட்டும் நமக்குப் படவில்லை. நல்ல விதியாகவும் பட்டது.

சட்டம் சொல்வது

பெற்றோர் அறிய வேண்டிய சட்டத்தையும் சுருங்கச் சொல்வோம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் உள்ளன. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்குவோர் அடையாளச் சான்று தரவேண்டும். வெடிமருந்தால் இயங்கும் எதற்கும் உரிமம் கட்டாயம். 21 வயது நிரம்பாதார் உரிமம் பெற இயலாது. எனினும் அவ்வயதிற்குட்பட்டோர் தக்கார் நேரடி மேற்பார்வையில் போட்டிக்காகப் பழக விதிகள் இடமளிக்கின்றன.

உரிமம் வேண்டாத கருவி என்பதால் பொறுப்பும் வேண்டாத கருவி என்று எண்ணலாகாது. காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு கண்மாய்க் கரையில் கொக்கும் மடையானும் சுடும் இளைஞரைக் கண்டிருக்கிறோம். வனவிலங்குகளைக் காக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், ஆண்டவர் உணவூட்டும் பறவையை விளையாட்டிற்காக வீழ்த்துவது கிறித்தவப் பிள்ளைக்கு அழகன்று.

முறையாகப் பழகுவோர்க்கு வழிகள் உண்டு. 1951-இல் தோன்றிய இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர் மக்களவையின் முதல் அவைத்தலைவரான ஜி.வி. மாவலங்கர், அவர் பெயரிலேயே அகில இந்தியப் போட்டி ஒன்று நடைபெற்று வருகிறது. திருச்சி ரைபிள் கிளப்பில் 2022-இல் நடந்த மாநிலப் போட்டியில் திரைப்பட நடிகர் அஜித்குமார் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் பங்கேற்றுப் பதக்கம் பெற்றதைப் பலர் அறிவர். தமிழகத்து ஸ்ரீ நிவேதா 2021-இல் தில்லியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், மகளிர் ஏர் பிஸ்டல் குழுவில் தங்கம் வென்றார். புதுக்கோட்டை அரச மரபினரான பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் இலக்கைச் சுடும் பிரிவில் பாரிஸ் ஒலிம்பிக் வரை சென்றார். ஆகவே இம்மண்ணிற்கு இக்கலை புதிதன்று.

அம்பு ஏற்றவர்

விவிலியத்தில், நீதித் தலைவர்கள் நூலின் இருபதாம் அதிகாரத்தில், பென்யமின் குலத்து இடக்கை வீரர் எழுநூற்றுவர் பற்றிய குறிப்பு ஒன்று வருகிறது. மயிரிழையைக் குறிவைத்தாலும் அவர்களுடைய கவண்கல் தவறாதாம். அங்கே தவறுதல் என்பதற்கு எபிரேய மூலத்தில் வழங்கும் சொல்லே, பிற இடங்களில் பாவம் செய்தல் என்னும் பொருளிலும் வழங்குகிறது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்திலும் அவ்வாறே. பாவத்தைக் குறிக்கும் சொல்லின் அடிப்பொருள் குறி தவறுதல். இடக்கைப் பெண்ணான நம் மருமகளுக்கு இப்பகுதியைக் காட்டியபோது, அவள் அடைந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது.

ஆனால் அதனோடு நிறுத்திவிடவில்லை. அந்த எழுநூற்றுவரும் கலந்துகொண்ட போர், உடன்பிறந்த குலங்கள் ஒன்றையொன்று அழித்த போர். கை தவறவில்லை, நோக்கம் தவறிற்று. குறி தவறாத கை மட்டும் ஒருவரை நல்லவராக்கிவிடாது என்பதையும் அவளுக்கு எடுத்துரைத்தோம்.

செருமனி நாட்டில் கத்தோலிக்கக் குறிசுடும் சகோதர சபைகள் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றன. கம்பத்தின் உச்சியில் மரப்பறவையை நிறுத்திச் சுட்டு வீழ்த்துவது அவர்களுடைய திருவிழா வழக்கம். அச்சபைகள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டிருப்பவர் புனித செபஸ்தியார். நம் ஊர்க் கோவில்களிலும் அவருடைய சுரூபத்தைக் காண்கிறோம். அவர் கையில் வில் இல்லை. அவருடைய உடலில்தான் அம்புகள் இருக்கின்றன. எய்பவர்களுக்குப் பாதுகாவலராக, எய்யப்பட்டவரையே திருச்சபை மக்கள் தேர்ந்துகொண்டனர். குறி பார்க்கும் ஒவ்வொருவரும், குறியின் மறுமுனையில் நிற்கக் கூடியவரை முதலில் நினைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த நினைவூட்டல் வேண்டுமோ?

நம் மருமகள் இப்போது வாரம் மூன்று நாள் பழகுகிறாள். இடம் வந்து நின்றதும், துப்பாக்கியைத் தொடுமுன் கோடிச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது அவளுக்கு அவளுடைய தாய் இட்ட கட்டளை. அவள் போட்டிகளில் வெல்வாளா என்பதை ஆண்டவர் அறிவார். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இவ்வாசையோடு வந்து நின்றால், அன்பர்களே, கடிந்து விரட்டவும் வேண்டாம். கடன் வாங்கிக் கருவியைக் கையில் கொடுக்கவும் வேண்டாம். முதலில் பிள்ளையின் கையைப் பாருங்கள். பிறகு பயிற்சி தருபவரைப் பாருங்கள். அதன்பின் சுவருக்கு அப்பால் சென்று பாருங்கள். துப்பாக்கியைப் பார்ப்பது இவற்றிற்கெல்லாம் பிறகு போதும்.